சோதிக்கண்டா

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி, வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். 2016 ஜூன் மாதம். நாய் குரைத்த சத்தத்தில் எழுந்து ஓடினேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் வேலியோரமாக நின்றுகொண்டிருந்தாள். சேலை நனைந்திருந்தது. "கொழாயக் காணோம் பாப்பா. கொழாயத் தாண்டித்தான கக்கூசு?" என்றாள்.

அந்தக் குழாய் மூணாறுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் அம்மா குடியிருந்த வீடு. வாசற்படியில் இறங்கி இடது கைப்பக்கம் திரும்பினால் குழாய், அதைத் தாண்டினால் கக்கூஸ் வரிசை. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அவள் அதையேதான் செய்திருக்கிறாள். எழுந்தாள், கதவைத் திறந்தாள், படியிறங்கி இடது பக்கம் திரும்பினாள். கால்கள் வழியை மறக்கவில்லை. வழிதான் வேறு ஊரில் இருந்தது.

அன்றைக்கு எனக்கு இது புரியவில்லை. "எத்தன தடவம்மா சொல்றது, பாத்ரூம் வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு" என்று அந்த நடுராத்திரியில் சத்தம் போட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் ஈரச் சேலையோடு என் பின்னால் வந்தாள்.

மூணாறிலிருந்து எங்கள் ஊருக்கு வருவதென்றால் மறையூர், சின்னார் வழியாக மலையிறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி தாண்டி, கோபாலபுரம் செக்போஸ்ட்டில் திரும்பவும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். இடுக்கியும் கேரளம், பாலக்காடும் கேரளம், நடுவில் தமிழ்நாடு. எல்லையோரத் தமிழர்களுக்கு இது பழகிய வழி. அம்மாவின் அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து கங்காணியோடு மலையேறியவர். அம்மா சின்ன வயதிலேயே பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனவள். 58 வயதில் வேலை முடிந்தது. தம்பி தோட்டத்தில் வேலை பார்த்தவரை லயத்து வீடு இருந்தது. அவன் திருப்பூருக்குப் போனதும் வீட்டை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இந்தப் பக்கம் கல்யாணமாகி வந்து, தமிழ்வழிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

மறதி அதற்கும் இரண்டு வருடம் முன்பே தொடங்கியிருக்கிறது. தம்பி போனில் சொல்லும்போதெல்லாம் வயசு அப்படி என்றே இருந்துவிட்டேன். லயத்தில் அது பெரிதாக வெளியே தெரியவுமில்லை. அடுப்பு, குழாய், அம்மன் கோயில், பக்கத்து வீட்டு வாசல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எங்கள் ஊரில் எல்லாமே அவளுக்குப் புதிது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரி இறைக்கிற பனங்காட்டு ஊர் இது. "ஆனி மாசம் மழையில்லாத ஊராடி இது?" என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்பாள். மழையை வைத்துத்தான் அவள் மாதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். இங்கே அதுவும் கைவிட்டுவிட்டது.

எனக்குப் பரீட்சை நடத்தியே பழகிய வாய். காலையில் "இன்னிக்கு என்ன கெழம?" மத்தியானம் "காலைல என்ன சாப்ட்ட?" ராத்திரி படுக்கும்போது "நான் யாரு, சொல்லு பாக்கலாம்?" சரியாகச் சொன்னால் எனக்கு நிம்மதி. தப்பாகச் சொன்னால் திருத்துவேன். மறுநாள் அதே கேள்விக்கு அதே தப்பு வரும். வகுப்பில் மூன்று முறை சொல்லிக்கொடுத்தும் வராத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அம்மாவைப் பார்த்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஆஸ்பத்திரியிலும் முதலில் பரீட்சைதான் நடந்தது. மலையாளத்தில் கேட்டார்கள். இன்று என்ன தேதி, இது எந்த மாவட்டம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், இந்த இரண்டு ஐங்கோணங்களையும் பார்த்து வரையுங்கள். பேனாவை நீட்டியதும் அம்மா வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். அவள் பேனா பிடித்ததெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும். மலையாளம் அவளுக்குத் தெரியாததில்லை. ரேஷன் கடையிலும் யூனியன் கூட்டத்திலும் கணீரென்று பேசியவள். ஆனால் பின்னால் கற்ற பாஷை முன்னால் போகத் தொடங்கியிருந்தது. யார் மலையாளத்தில் கேட்டாலும் அவளிடமிருந்து தமிழில்தான் பதில் வந்தது. நாளாக ஆக, கேள்வியே அவளை எட்டவில்லை. எத்தனை மார்க் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நோய் எவ்வளவு, பாஷை எவ்வளவு, பள்ளிக்கூடம் போகாதது எவ்வளவு என்று அந்த மார்க்கில் பிரித்துப் பார்க்க வழியில்லை.

பிறகு கோயம்புத்தூரில் தமிழ் பேசும் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் "கொழுந்து எந்த மாசத்துலம்மா அதிகமா வரும்?" என்று ஆரம்பித்தார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்கேன் பார்த்துவிட்டு அவரும் அல்சைமர் என்றுதான் சொன்னார். ஆனால் அம்மாவிடம் இன்னும் என்னென்ன மிச்சமிருக்கிறது என்பதையும் எனக்குச் சொன்னார். டோனெபெசில் மாத்திரை எழுதிக்கொடுத்து, இது நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும் என்றார். படிக்காத கிராமத்து மக்களுக்கென்றே தனிக் கேள்விகளை 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வுக்காக உருவாக்கினார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நம் நாட்டில் இது தேவை என்று அப்போதே சிலர் உணர்ந்திருக்கிறார்கள்.

இந்த நோயின் முதல் ஏடே கேள்வி பதிலாகத்தான் இருக்கிறது. 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநோய் மருத்துவமனையில், 51 வயது அகுஸ்தே டெட்டரின் முன்னால் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் உட்கார்ந்து கேட்டார். உங்கள் பெயர் என்ன? அகுஸ்தே. கணவர் பெயர்? அதற்கும் அகுஸ்தே. காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்றார். 1906இல் அந்தப் பெண் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு ட்யூபிங்கன் நகரில் மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் பேசினார். கேள்வி கேட்ட அந்த டாக்டரின் பெயர்தான் நோய்க்குக் கிடைத்தது. டாக்டர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான் வீட்டில் தினமும் எதற்காகக் கேட்டேன்?

இதை எனக்கு உறைக்க வைத்தவர் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ். கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற சிஸ்டர்கள் உள்ளாட்சிதோறும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவரைப் பார்க்க வருகிறவர் போகும்போது எங்கள் வீட்டிலும் எட்டிப் பார்ப்பார். ஒருநாள் நான் அம்மாவிடம் "இவங்க யாரு தெரியுதா? போன வாரம் வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சிரித்து மழுப்பினாள். சிஸ்டர் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்: "டீச்சரே, அம்மயோடு ஓர்மயுண்டோன்னு சோதிக்கண்டா."

மலையாளத்தில் 'சோதிக்கண்டா' என்றால் கேட்க வேண்டாம் என்று பொருள். இருபது வருடமாக மலையாளம் பேசுகிறேன், எனக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு என் காதில் அது தமிழாக விழுந்தது. சோதிக்க வேண்டாம். தாயைச் சோதித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அன்று ராத்திரி அம்மாவின் அறைக்குள் போகும்போது, "அம்மா, உன் மூத்த மக வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். "வா பாப்பா, சாப்ட்டியா?" என்றாள். அத்தனை நாளில் அவள் முதன்முதலாகச் சுலபமாகப் பேசினாள்.

கேள்வியை நிறுத்தியபின் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று தேடத் தொடங்கினேன். இந்த நோய்க்காரர்களின் குடும்பங்களுக்காக 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற சங்கத்தைப் பற்றி சிஸ்டர்தான் சொன்னார். படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதில் இரண்டு விஷயங்கள் எங்கள் வீட்டையே மாற்றின.

ஒன்று, தப்பு நடக்க விடாமல் கற்பிப்பது. நம் பிள்ளைகள் தப்புச் செய்து, அது தப்பென்று நினைவு வைத்துக்கொண்டு திருந்துகிறார்கள். அல்சைமர் வந்தவருக்குத் திருத்தியது மறந்துவிடும். செய்த தப்பு மட்டும் கையிலும் காலிலும் படிந்துவிடும். ஆகவே தடுமாறுவதற்கு முன்பே சரியானதைக் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் திருத்தத் திருத்த அம்மாவுக்குத் தப்புதான் பாடமாகிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்று, இடைவெளி விட்டு விட்டு நினைவூட்டுவது. காமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களின் இறுதியில் அல்சைமர் நோயாளிகளிடம் இதைச் செய்து பார்க்கத் தொடங்கினார். ஒரு விஷயத்தைச் சொல்லி உடனே திரும்பச் சொல்ல வைப்பது, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி, அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு நிமிஷம். தவறினால் முகம் சுளிக்காமல் விடையைச் சொல்லிவிட்டு, முந்தின இடைவெளிக்கே இறங்கிவிட வேண்டும். இதுவும் கேள்விதான். ஆனால் தோற்கவிடாத கேள்வி.

பாத்ரூமில் தொடங்கினோம். முதலில் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். எழுந்து இடது பக்கம் நடந்தால் நேரே பாத்ரூம் கதவு வருகிற மாதிரி. கதவுக்குச் சிவப்புத் துணி கட்டினோம். சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு, "செவப்புத் துணிதாம்மா கக்கூசு" என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வருவேன். ஒரு நிமிஷம் கழித்து "செவப்புத் துணி எதுக்கும்மா?" என்பேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அம்மா தானாகப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். காலையில், "இந்த ஊட்டுல கக்கூசு எங்க இருக்குன்னே தெரியல பாப்பா" என்றாள். வாய் அறியாததைக் கால் கற்றிருந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் பக்கத்து வீட்டு வாசலில் நடந்தது. அங்கே ஒரு பாட்டி தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு சீவி, சீமாறு கட்டி விற்பார். நான் பள்ளிக்கூடம் போனால் அம்மா அவரிடம்தான் போய் உட்கார்ந்திருப்பாள். தேயிலை மலையில் தென்னை கிடையாது. ஈர்க்கு சீவுகிற வேலையை அம்மா தன் வாழ்நாளில் செய்ததில்லை. முதல் வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிதான், "வெறுங்கையோட உக்காரோணுமா அம்மிணி? இங்க கொண்டாங்க கைய" என்று கூர் மழுங்கிய சின்னக் கத்தியைக் கொடுத்து, தன் கையை அவள் கைமேல் வைத்துச் சீவ வைத்தார். ஓலையின் அடியைப் பிடித்து, நடு நரம்பை ஒட்டிக் கத்தியை நுனிவரை இழுக்க வேண்டும். பிறகு திருப்பிப் பிடித்து மறுபக்கமும் அதேபோல். கத்தி கொஞ்சம் சரிந்தாலும் ஈர்க்கு அறுந்துவிடும். பாட்டி அறுக்கவே விடவில்லை. கை சரியப் போகும்போதே பிடித்துவிடுவார். தப்பில்லாமல் கற்பிப்பதைப் பற்றி அவர் எந்தப் புத்தகமும் படித்தவரல்ல. ஈர்க்கு வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் அம்மா அந்த வாசலில் உட்கார்ந்ததும், "இது என்ன வேல? நான் பாத்ததே இல்லையே" என்பாள். பாட்டியும் ஒவ்வொரு நாளும், "பாக்காட்டி என்னுங்க, இப்பப் பாருங்க" என்பார். ஒரு மாதத்தில் பாட்டி கையை எடுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் அம்மா தனியாகச் சீவினாள். ஆறு மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை நான் உட்கார்ந்து பார்த்தேன். "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓலையின் அடியைப் பிடித்த பிடியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிற அதே விரல்கள். ஈர்க்கு ஒன்றுகூட அறுபடவில்லை. பச்சை ஓலை ஒரு பக்கமும் ஈர்க்கு ஒரு பக்கமுமாகக் குவிந்தது. கட்டு நிறைந்ததும், நிறுவைக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் தூக்கிப் பாட்டியிடம் நீட்டினாள்.

அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சன் என்றொருவர் இருந்தார். வலிப்பு நோயை நிறுத்துவதற்காக 1953இல், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இருபுறத்திலிருந்தும் ஹிப்போகாம்பஸ் பகுதியை டாக்டர் ஸ்கோவில் வெட்டியெடுத்தார். கடல்குதிரை வடிவத்தில் இருக்கும் அந்தப் பகுதி போனதும் ஹென்றிக்குப் புது நினைவு எதுவும் நிற்கவில்லை. சற்றுமுன் பேசியவரை மறந்துவிடுவார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்கிடையே பென்சிலால் வரைய வேண்டும். மூன்று நாளில் ஹென்றி அதைச் சுத்தமாகச் செய்தார். அதற்கு முன்பு செய்ததாக மட்டும் அவருக்கு நினைவே இல்லை. நினைவு என்பது மூளையில் ஒரே இடத்தில் ஒரே சரக்காக இருப்பதில்லை என்று அதிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது. அல்சைமர் நோய் முதலில் அரிப்பது ஹிப்போகாம்பஸையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும்தான். கைப்பழக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பகுதிகள் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. ஹென்றி 2008இல் இறந்தார். அவரைப் பற்றிப் படித்த அன்று, அம்மா கட்டிய சீமாறு ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாமே கற்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகளின் பெயர் நிற்கவில்லை. கேஸ் அடுப்பு கடைசிவரை பழகவில்லை. அப்பா இறந்ததை ஒருமுறை சொல்லித்தந்தோம். அது புதுச் சாவாக இறங்கி அவளை அழவைத்தது. அதன்பின் அதை நாங்கள் சொல்லவே இல்லை. "மலைக்குப் போயிருக்காரு" என்போம். அது பொய்தான். இன்றும் அதற்காக நான் வருந்தவில்லை.

சம்பவம் மறந்தாலும் மனசில் விழுந்தது மறைவதில்லை என்பதையும் பார்த்தேன். ஒருநாள் பள்ளிக்கூட அவசரத்தில் அம்மாவைக் கடிந்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தபோது பாட்டி, "என்னமோ இன்னிக்கு அம்மிணி மொகமே செரியில்லீங்க" என்றார். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. காலையில் நடந்தது துளியும் நினைவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் கத்தியைத் தொடவே இல்லை. அயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் இதையே எழுதியிருக்கிறார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகப் படமும் மகிழ்ச்சிப் படமும் காட்டினார்கள். சற்று நேரத்தில் படம் மறந்துவிட்டது. படம் தந்த துக்கமும் சந்தோஷமும் போகாமல் நின்றன.

2005இல் வந்த 'தன்மாத்ர' படத்தை மலையாள நண்பர்கள் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். மோகன்லால் தலைமைச் செயலக ஊழியராக வருவார். கேரளத்தில் வீட்டுக்கு வீடு அல்சைமர் என்ற சொல்லைக் கொண்டுசேர்த்த படம் அது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் லயத்து வீட்டில் மறந்துபோகிற கிழவியை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. 'புத்தி பேதலிச்சுருச்சு' என்பார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்ற மறதிநோயோடு இருக்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அம்மாவைப் போன்றவர்கள்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து, டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 2013இல் எழுதினார்கள். ஒரு பாஷை மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு பாஷை பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே இருந்தது. ரேஷன் கடையில் அம்மா பேசிய மலையாளம் அவளுக்கு எத்தனை வருடம் வாங்கிக் கொடுத்ததோ, அதை அளக்க முடியாது. அந்த மலையாளம்தான் அவளை விட்டு முதலில் போனது. ஆகவே மூணாறிலோ, வண்டிப்பெரியாறிலோ, குமுளியிலோ, பாலக்காட்டுச் சித்தூரிலோ வயதான தமிழரை இந்தப் பரிசோதனைக்கு உட்கார வைத்தால், தமிழில் கேட்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கேரள அரசிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். தமிழ்நாட்டில் இருக்கும் மலையாளிக்கும், தெலுங்கருக்கும், சௌராஷ்டிரருக்கும் இதே நியாயம் வேண்டும்.

கடைசி வருடத்தில் அம்மாவின் கையும் கத்தியை விட்டுவிட்டது. அப்போதும் ஒரு கீற்றைக் கொடுத்தால் விரல்களால் தடவிக்கொண்டிருப்பாள். என்னை 'டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். "டீச்சர், என் மகளுக்கும் உங்க ஸ்கூல்ல எடம் கெடைக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள். "சேத்தாச்சும்மா, நல்லாப் படிக்குறா" என்றேன். என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 2022 ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். இன்று சாயங்காலம் அவருடைய அறைக்குப் போகும்போது "நான் யாரு தெரியுதா" என்று கேட்காதீர்கள். உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள்.